ஏழு பத்துக்கு வெளிக்கிட்ட சைக்கிள்

அத்தியாயம் 6

"மேர்வின், வாயை மூடிக்கொண்டு இந்தப் படத்தைப் பார்."

வாயை மூடினா எனக்கு மூளை வேலை செய்யாது எண்டு தபிதா அக்காவுக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பன்! கேட்டால்தானே. நான் படத்தைப் பார்த்தன்.

கறுப்பு வெள்ளைப் படம். ஹோல்ம்பி எண்ட பழைய கிராமத்தில, வைக்கல் கூரை வேய்ஞ்ச ஒரு வீட்டு வாசலில, முட்டை வச்சு விக்கிற ஆளில்லாப் பெட்டிக்கடை ஒண்டு இருக்கு. முட்டை களவு போகுதெண்டு வீட்டுக்காரன் கமரா பூட்டியிருக்கிறான். நேற்றுத் திங்கக்கிழமை காலமை ஒன்பது ஐம்பதுக்கு அதில விழுந்த படம் இது. மவுண்டன் பைக்கில இருந்தபடி ஒரு காலை நிலத்தில ஊண்டி, ஹெல்மெட்டைக் கழட்டி ஹாண்டிலில கொழுவிப்போட்டு, கமராவைப் பார்த்துச் சிரிக்கிறான் தனுசன். இருபத்தாறு வயசு. அதுக்குப் பிறகு அவனை ஒருத்தரும் காணேல்லை.

"என்ன தெரியுது?"

"பல்லு வடிவா விளக்கியிருக்கிறான்."

"மேர்வின்!"

சரி, பகிடிக்கு இது நேரமில்லை. நாங்கள் நிண்டது தனுசன்ர வீட்டுக் குசினியில. டென்மார்க்கில, ஹேர்னிங் நகரத்துக்குப் பக்கத்தில இருக்கிற சின்ன ஊர். செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணியாகப் பத்து நிமிசம். மேசையில தாய் இராசலட்சுமி அன்ரி தலையைக் குனிஞ்சுகொண்டு இருக்கிறா. நேற்றுப் பின்னேரத்திலயிருந்து பச்சைத்தண்ணி வாயில படேல்லை. பக்கத்தில மகள் விஜிதா. அவள்தான் தபிதா அக்காவைக் கூப்பிட்டவள். அக்கா வைலே நகரத்தில பதினாறு வருஷம் இன்சூரன்ஸ் கொம்பனியில பொய்க் கேஸ் பிடிச்சவ, இப்ப சொந்தமாத் துப்பறியிறா. நான் அவவின்ர டிரைவர், உதவியாள், பேச்சு வாங்குற ஆள்.

"பொலிஸ் என்ன சொல்லுது, விஜிதா? முதலில இருந்து சொல்லும்," எண்டா அக்கா.

விஜிதா வரைபடத்தை விரிச்சாள். மவுண்டன் பைக் பாதை, பெரிய வட்டம். வீட்டிலயிருந்து கிழக்கால இறங்கினா திறந்த ஹீத் வெளி. மரமில்லை, வீடில்லை, முழங்காலளவுக்கு லுங் எண்ட குத்துச்செடிதான். முப்பது கிலோமீற்றர் அந்த வெளியைச் சுத்தினா ஹோல்ம்பி வரும். அங்கயிருந்து காட்டுக்குள்ளால, குளத்தங்கரையால, எட்டுக் கிலோமீற்றரில மேற்குப் பக்கமா வீட்டுக்குத் திரும்பலாம்.

"அம்மா சொன்னவ, அவன் ஏழு பத்துக்கு வெளிக்கிட்டவன் எண்டு. ஒன்பது ஐம்பதுக்கு ஹோல்ம்பியில நிக்கிறான். இரண்டு மணித்தியாலம் நாப்பது நிமிசம். மண்பாதையில முப்பது கிலோமீற்றருக்கு அது சரியான நேரம். அப்ப வெளியைக் கடந்திட்டான், மிச்சம் காடும் குளமும்தான் எண்டு பொலிஸ் சொல்லுது. போன் சிக்னலும் ஹோல்ம்பி ரவரோட நிண்டிட்டுது. இப்ப..." அவள் வரைபடத்தில குளத்தை உள்ளங்கையால மறைச்சாள். "இப்ப குளத்துக்குள்ள ஆள் இறக்கித் தேடுகினம், அக்கா."

அன்ரிக்கு அது கேட்டது. ராத்திரி ஒரு பாகை குளிர். இன்னொரு ராத்திரி வெளியில கிடந்தா அவன் தாங்கமாட்டான் எண்டு அந்தக் குசினியில எல்லாருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் ஒருத்தருக்கும் துணிவில்லை.

எனக்கு அந்த மனிசியைப் பார்க்க ஏலாமல் இருந்தது. திரும்பி, ஐஸ்பெட்டியில ஒட்டியிருந்த கொமூன எண்ட நகரசபைக் கடுதாசியை வாசிச்சன். அதுக்குப் பக்கத்தில நாட்கலண்டர். கடுதாசியில, செவ்வாய் பகல் இரண்டு மணிக்கு ஹீத்தில ஒரு துண்டைக் கொளுத்தப் போறமாம். பழைய செடியை எரிச்சால்தான் புதுசு முளைக்குமாம். யன்னலைச் சாத்துங்கோ, வெளியில உடுப்புக் காயப்போடாதேங்கோ எண்டு இருந்தது. மார்ச் மாசத்து டென்மார்க்கில வெளியில உடுப்புக் காயப்போடுற விசரன் ஆர் எண்டு நினைச்சன்.

"நெத்தியைப் பார்," எண்டா அக்கா.

திரும்பவும் படத்தைப் பார்த்தன். தனுசன்ர நெத்தியில வெள்ளையா என்னவோ. பொலிஸ் அதுக்குப் பக்கத்தில வெளிச்சம் பட்ட இடம் எண்டு எழுதியிருந்தது.

"வெளிச்சம் மூண்டு வரியாப் படுமோ?"

"திருநீறு!" எண்டன். "அல்லேலூயா! பெந்தெகொஸ்தே அக்கா திருநீறு கண்டுபிடிச்சிட்டா."

"பதினொரு வயசுவரைக்கும் நானும் பூசினனான்தான். விசர்க்கதை விட்டிட்டு யோசி. கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணித்தியாலம் ஏத்தமும் இறக்கமும் மிதிச்சு வந்தவன். தலையில ஹெல்மெட். நீ ரெண்டு படி ஏறினாலே மூக்கு நுனியால வேர்வை வடியுது. அவன்ர நெத்தியில மூண்டு வரியும் ஏன் அழியேல்லை?"

அக்கா அன்ரிக்கு முன்னால கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. மெல்லமாத்தான் கேட்டா.

"அன்ரி, நீங்கள் பூசிவிட்ட திருநீறோ?"

"ஓம் பிள்ளை. வாசலில வச்சுப் பூசினனான்."

"எத்தினை மணிக்கு?"

அன்ரியின்ர கண் ஐஸ்பெட்டிப் பக்கம் போனது. அக்கா கலண்டரைத் திரும்பிப் பார்த்தா. ஆரோ திங்கக்கிழமைத் தாளைக் கிழிக்காமல் விட்டிருக்கினம்.

"நேற்றுத் திங்கள். ஏழரையிலயிருந்து ஒன்பது ராகுகாலம். நல்ல நேரம் ஏழேகாலோட முடிஞ்சிட்டுது. ஏழு பத்துக்கு அவன் படுக்கையில, என்ன?"

விஜிதா திடுக்கிட்டுத் தாயைப் பார்த்தாள். "அம்மா?"

"நான் பொய் சொல்லேல்லை!" எண்டு அன்ரி நிமிர்ந்தா. "பயணம் ஏழு பத்துக்குத்தான் தொடங்கினது. எட்டு மணிக்குப் போறன் எண்டு நிண்டவன். நல்ல நேரம் முடிய முந்தி வெளிக்கிடு எண்டன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திட்டான். அதுதான் நானே சைக்கிளையும் ஹெல்மெட்டையும் ஏழு பத்துக்கு உருட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கார்க் கொட்டிலில வச்சன். சாமான் நல்ல நேரத்தில வாசல் தாண்டினா, ஆள் பிறகு போனாலும் காரியமில்லை. நாங்கள் எல்லாப் பயணத்துக்கும் செய்யிறதுதானே."

"பக்கத்து வீடு டெனிஷ்காரன்ர எல்லோ? அவன் ஒண்டும் கேக்கிறேல்லையோ?" எண்டன் நான்.

"பன்னிரண்டு வருஷமா எங்கட சூட்கேசெல்லாம் முதலில அங்கதான் போறது தம்பி. அவருக்குப் பழகிப்போச்சு."

"ஆள் எப்ப போனது?" எண்டா அக்கா.

"ராகுகாலம் முடிஞ்சு... ஒன்பதேகால்."

விஜிதா டெனிஷிலேயே கத்தினாள், ஏனம்மா இதை நேற்றே பொலிசுக்குச் சொல்லேல்லை எண்டு. அன்ரி அழுதுகொண்டே தமிழில சொன்னா, "பயணம் எப்ப தொடங்கினது எண்டுதானேடி நீ கேட்டனீ!"

விஜிதா அண்டைக்குக் காலமை ஆறு மணிக்கே முதியோர் இல்ல வேலைக்குப் போயிட்டாள். அவள் காணேல்லை. கேட்டதை அப்பிடியே மொழிபெயர்த்துக் குடுத்திருக்கிறாள். பிழை ஆரில எண்டு சொல்ல ஏலும்?

அக்கா எழும்பி வரைபடத்துக்கு மேல குனிஞ்சா. "ஒன்பதேகாலுக்கு வெளிக்கிட்டவன் ஒன்பது ஐம்பதுக்கு ஹோல்ம்பியில. முப்பத்தைஞ்சு நிமிசத்தில வெளியைச் சுத்தி வர ஏலாது. குளத்தங்கரைப் பாதையால, எட்டுக் கிலோமீற்றர்தான் ஓடியிருக்கிறான். வட்டத்தை மறுவளமா ஓடியிருக்கிறான்."

"இருக்காது அக்கா," எண்டாள் விஜிதா. "அது ஒருவழிப் பாதை, அம்புக்குறி போட்டிருக்கு. நாப்பத்தொரு தரம் ஓடியிருக்கிறான், எல்லாம் கிழக்காலதான். அவன்ர சைக்கிள் ஆப் கணக்கில பொலிசே பார்த்தது."

"அன்ரி," எண்டா அக்கா. "திங்கக்கிழமை சூலம் எந்தப் பக்கம்?"

அன்ரியின்ர முகத்தில இரத்தமே இல்லை. "கிழக்கு," எண்டா. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு விக்கினா. "மேற்கால போ ராசா எண்டு நான்தான் கெஞ்சினன். சிரிச்சான். சரியம்மா, உங்களுக்காக உலகத்தை மறுபக்கமாச் சுத்துறன் எண்டிட்டுப் போனான்."

அப்ப காடும் குளமும் அவன் பத்திரமாக் கடந்த இடம். அவன் ஹோல்ம்பியைத் தாண்டி வெளிக்குள்ள போனவன். வெளியிலயிருந்து திரும்பி வரேல்லை.

ஐஸ்பெட்டியைப் பார்த்தன்.

"அக்கா," எண்டன். "அவன் வெளிக்குள்ள எண்டா... இண்டைக்கு இரண்டு மணிக்கு அதைக் கொளுத்தப் போறாங்கள்."

மணி ஒண்டு பத்து.

*

கார் என்ர. அதால என்ன வேகத்தில ஓடினன் எண்டு இங்க எழுதமாட்டன்.

அக்கா பக்கத்து சீற்றில இருந்து பொலிசுக்காரி கிர்ஸ்டனோட டெனிஷில கதைச்சுக்கொண்டு வந்தா. என்ர ஆயுசில நான் கேட்ட ஆகக் கஷ்டமான தொலைபேசிக் கதை அது. ஓம், ராகு. இல்லை, அது ஆளின்ர பேர் இல்லை. ஒரு பாம்பு மாதிரி. இல்லை, பாம்பு அவனைக் கடிக்கேல்லை. ஓம், சைக்கிள் ஏழு பத்துக்குப் போனது, அவன் போகேல்லை. இல்லை, சைக்கிள் தானாப் போகேல்லை!

"என்ன சொல்லுறாள்?" எண்டன்.

"மேலிடத்துக்கு அறிவிக்கிறாவாம். கொளுத்துற ஆக்களையும் பிடிக்கப் பார்க்கிறாவாம்."

"அவங்கட நம்பர் கடுதாசியில இருக்கு."

"மூண்டு தரம் அடிச்சிட்டன். எடுக்கிறாங்களில்லை. கதைக்காமல் மிதி."

கடைசிக் கிராமத்தைத் தாண்டினம். சின்ன வெள்ளைத் தேவாலயம், கல்லுப் பதிச்ச ஒழுங்கை, தோட்டம் கொத்திற ஒரு கிழவி. எல்லாம் படத்தில கீறினது மாதிரி அமைதியா இருந்தது. எனக்கு அந்த அமைதியில ஆத்திரம்தான் வந்தது. திருப்பத்தைக் கழிச்சதும் வெளி திறந்தது. கண்ணுக்கு எட்டின மட்டும் மண்ணிறம். தூரத்தில கறுப்புப் புகை எழும்புது.

"இரண்டு மணி எண்டாங்களே!" மணி ஒண்டு நாப்பது.

"காத்துச் சரியா வந்திருக்கும். முந்தியே தொடங்கிட்டாங்கள்," எண்டா அக்கா. அவவுக்கும் பயம்.

நான் ஹோர்னில கையை வச்சவன் எடுக்கேல்லை. டென்மார்க்கில ஹோர்ன் அடிக்கிறது ஆளுக்குக் கைநீட்டி அடிக்கிறதுக்குச் சமன். மஞ்சள் உடுப்புப் போட்ட ஆறு பேர் வேலையை விட்டிட்டுத் திரும்பினாங்கள். அதில பொறுப்பானவன், யென்ஸ் எண்டு நெஞ்சில பேர் குத்தின ஒரு செந்தாடிக்காரன், ஓடி வந்தான்.

அக்கா இரண்டே வசனத்தில விசயத்தைச் சொன்னா.

"இருக்க ஏலாது," எண்டான் அவன். "காலமை நாங்கள் இந்தத் துண்டை முழுக்க நடந்து பார்த்தனாங்கள். சைக்கிள் பாதையாலேயே, அம்புக்குறியைப் பிடிச்சு, தொடக்கத்திலயிருந்து கடைசிவரைக்கும்."

"அவன் அம்புக்குறிக்கு எதிராய் வந்தவன்."

"எப்பிடி வந்தாலும் பாதை ஒண்டுதானே அம்மா? காத்து மாறினா எனக்கு நெருப்புக் கட்டுப்படாது. பத்து நிமிசத்தில இந்தப் பக்கமும் பத்தவைக்கவேணும்."

அக்கா அவனை ஒருக்காப் பார்த்தா. பிறகு தோள்பையை என்ர கையில திணிச்சுப்போட்டு, சீலைக்கு மேல போட்டிருந்த குளிர்ச் சட்டையோட, எரியாத செடிக்குள்ள விறுவிறெண்டு நடந்தா. ஐம்பது மீற்றர் போய்த் திரும்பி நிண்டு டெனிஷில கத்தினா.

"இப்ப இதுக்குள்ள ஒரு ஆள் இருக்கு! இனிக் கொளுத்து பாப்பம்!"

யென்ஸ் என்னைப் பார்த்தான். "இவ எப்பவும் இப்பிடியோ?"

"இண்டைக்குக் கொஞ்சம் அமைதி," எண்டன்.

அவன் பல்லைக் கடிச்சுக்கொண்டு விசில் அடிச்சான். எரிஞ்ச பக்கத்தில ஆக்கள் நீளத்தடி மட்டையால நெருப்பை அடிச்சு அணைக்கத் தொடங்கினாங்கள். தண்ணி பவுசர் லொறியும் அசைஞ்சது. எண்டாலும் நெருப்பு உடன நிக்கேல்லை. வெளிச் செடி படபடவெண்டு வெடிச்சு, எங்கட பக்கம்தான் வந்துகொண்டிருந்தது.

யென்சும் நானும் அக்காவுக்குப் பின்னால ஓடினம். பாதை மேட்டில ஏறி, வளைஞ்சு, நட்டுவச்ச தடி ஒண்டுக்குப் பக்கத்தால போகுது. தடியில சிவப்பு அம்பு. கீழயிருந்து வாறவனை இடப்பக்கம் திருப்பி விடுது. அதுக்குக் கீழ பெரிய ஆச்சரியக்குறி.

"இது எதுக்கு?" எண்டா அக்கா.

"நேர போகாமல் இருக்க. அங்கால பழைய மண் தோண்டின குழி ஒண்டு இருக்கு. செடி மூடியிருக்கு."

"மேர்வின், தடிக்கு அங்கால போ. மறுபக்கத்திலயிருந்து வா. என்ன தெரியுதெண்டு சொல்லு."

நான் மூச்சு வாங்க மேட்டைத் தாண்டிப் போய்த் திரும்பினன். தடியின்ர முதுகைப் பார்த்தன்.

"ஒண்டுமில்லை அக்கா. வெறும் தடி!"

"பாதை?"

பாதை வலப்பக்கம் வளைஞ்சு செடிக்குள்ள ஒளிஞ்சு கிடந்தது. ஆனா எனக்கு நேர முன்னால, இரண்டு மீற்றர் அகலத்தில, அளவா வெட்டிச் சீராக்கின அருமையான பாதை ஒண்டு இறக்கத்தில போகுது. சைக்கிளில வந்தா நானும் அதிலதான் இறங்கியிருப்பன்.

"நேர ஒரு புதுப்பாதை போகுது!"

"அது பாதையில்லை," எண்டான் யென்ஸ். சொல்லும்போதே அவன்ர முகம் மாறினது. "நெருப்புத் தாண்டாமல் இருக்க வெள்ளிக்கிழமை நாங்கள் வெட்டின இடைவெளி. அது... அது குழியின்ர விளிம்பாலதான் போகுது."

மூண்டு பேரும் ஓடினம். இடைவெளியின்ர ஈரமண்ணில ஒரு டயர்த்தடம், இறுக்கிப் பிரேக் பிடிச்ச தடம், கோணி இழுபட்டுப் போய்ச் செடிக்குள்ள முடிஞ்சது. புகை இப்ப எங்கட கண்ணுக்குள்ள. நான் செடியை விலக்கினன். காலடியில நிலம் இல்லை.

நாலு மீற்றர்ப் பள்ளம். அடியில மடங்கின முன்சில்லு. அதுக்குப் பக்கத்தில ஒரு குவியல் பிடுங்கின செடி. அந்தக் குவியல் அசைஞ்சது.

"தனுசன்!" எண்டு நான் கத்தினது ஹேர்னிங்குக்கே கேட்டிருக்கும்.

செடிக்குள்ளயிருந்து ஒரு கை எழும்பினது. யென்ஸ் ரேடியோவில ஏதோ கத்திக்கொண்டு பள்ளத்துக்குள்ள சறுக்கி இறங்கினான். நான் இறங்கினதை இறங்கினது எண்டு சொல்லேலாது, விழுந்தன். பெடியன்ர முகம் நீலம்பாரிச்சு, உதடு வெடிச்சு, இடக்கால் இருக்கக்கூடாத பக்கத்துக்குத் திரும்பியிருந்தது. போன் கல்லில அடிபட்டு இரண்டு துண்டு. கத்திக் கத்தித் தொண்டை அடைச்சுப்போச்சு. காலமை ஆக்களின்ர சத்தம் கேட்டது, புகை மணத்தது, கூப்பிட ஏலேல்லை எண்டு பிறகு சொன்னான். நான் ஜக்கெற்றைக் கழட்டி அவனைச் சுத்தினன். எனக்கும் அழுகை வந்திட்டுது, ஏன் மறைப்பான்.

அவன் என்ர கையைப் பிடிச்சு இழுத்தான். காத்தாத்தான் குரல் வந்தது.

"அண்ணை, மறுபக்கமா ஓடினதாலதான் விழுந்தன் எண்டு அம்மாட்ட சொல்லாதேங்கோ. அவ தாங்கமாட்டா."

நான் மேல அக்காவைப் பார்த்தன். அவவுக்கும் கேட்டது. முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டா.

*

நெருப்பு அணைஞ்சு, அவனைத் தூக்குப்படுக்கையில மேல எடுத்து, அம்புலன்சுக்குள்ள ஏத்த மூண்டு மணியாச்சு. உடம்புச் சூடு சரியாக் குறைஞ்சுபோச்சு, காலிலயும் உள்ளுக்க இரத்தம் கண்டிருக்கு, வடக்க இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேர ஓடவேணும் எண்டாள் அதிலயிருந்த டொக்டர். நேரம் முக்கியமாம்.

அக்கா அன்ரிக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில விட்டா. ஆள் உயிரோட எண்டதும் அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. அழுகையோ கும்பிடோ எனக்குத் தெரியேல்லை.

"கதைக்கிறானோ பிள்ளை?"

"கதைக்கிறான். உங்களைப் பற்றித்தான் முதல் கதைச்சவன்." அக்கா பொய் சொல்லுறேல்லை. இதுவும் பொய்யில்லை.

"நான் அவனைக் கிழக்கால விட்டிருந்தா..."

"கிழக்கால விட்டிருந்தா நேற்று மத்தியானம் வீட்டை வந்திருப்பானோ, வேறெங்கயும் விழுந்திருப்பானோ, எனக்குத் தெரியாது அன்ரி. உங்கட திருநீறு நெத்தியில இருந்தபடியாத்தான் நாங்கள் இங்க வந்தம். அது எனக்குத் தெரியும்."

அம்புலன்ஸ்காரன் கதவைப் பிடிச்சுக்கொண்டு எங்களைப் பார்க்கிறான். தாய் வரும்வரைக்கும் நிக்கிறதோ, போறதோ எண்டு கண்ணால கேக்கிறான்.

"எந்தப் பக்கம் கொண்டுபோகினம்?" எண்டா அன்ரி.

நான் மணியைப் பார்த்தன். மூண்டு ஐஞ்சு. செவ்வாய்க்கிழமை மூண்டிலயிருந்து நாலரை ராகுகாலம். செவ்வாய்க்குச் சூலம் வடக்கு. நான் கத்தோலிக்கன், எண்டாலும் இது தெரியாத தமிழன் இல்லை. சொல்லாதேங்கோ எண்டு அக்காவுக்குக் கையைக் காட்டினன். அவ கவனிக்கேல்லை.

"வடக்க, அன்ரி. இப்பவே."

அன்ரியின்ர குசினியில கலண்டரின்ர திங்கக்கிழமைத் தாள் கிழிபடுற சத்தம் கேட்டது.

"எனக்காக நிக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ பிள்ளை," எண்டா. "கெதியா ஓடச்சொல்லுங்கோ."

நான் அம்புலன்ஸ் கதவை அடிச்சுச் சாத்தினன். அது வடக்கால திரும்பி ஓடினது.